ஓட்டக்காரியும் அவளுடைய உபகரணமும்

குடிமக்களின் உடல்நலத்தை மேம்படுத்தும் உயரிய நோக்கத்தோடு எங்கள் ஊர்ப் பூங்காவைச் சுற்றி அறுநூறு மீட்டர் நீளத்துக்கு ஒரு சிவப்புத் தடம் போட்டார்கள். அந்தத் தடம் ஓடுவதற்காகப் போடப்பட்டது. இதை இப்போதே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பின்னால் இந்த விஷயத்தில் எல்லாருக்கும், எனக்கும்கூட, கொஞ்சம் குழப்பம் வந்துவிட்டது.

நான் ஓடுகிறவள். பதக்கம் வாங்க ஓடுகிறவள் இல்லை, பைத்தியம் பிடிக்காமல் இருக்க ஓடுகிறவள். ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேஜையில் வேலை. ஊரார் கடைவாய்ப் பல் வலிக்கெல்லாம் நான் நாள் முழுக்கச் சிரித்த முகமாக இருக்க வேண்டும். வீட்டில் ஒரு பெண் குழந்தை, ஒரு வயது பத்து மாதம். அவளுக்கு ஒரு நல்ல பெயர் இருக்கிறது, ஆனால் பிறந்த மூன்றாம் வாரத்திலிருந்து யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வாலு என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். வீட்டுக்காரர் லிப்ட் பழுது பார்ப்பவர். யாராவது நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் இவருக்குப் போன் வரும்.

வாலு காலை ஐந்து மணிக்கு எழுந்துவிடுவாள். ஏழு மணிக்கு மறுபடி அரை மணி நேரம் தூங்கியாக வேண்டும். தூங்காவிட்டால் என்ன ஆகும்? குழந்தைகள் காப்பகத்து டீச்சர் பத்தரை மணிக்குப் போன் பண்ணுவார். "உங்க பொண்ணு இன்னைக்கு ரெண்டு பேரைக் கடிச்சிருக்கா, மூணாவது ஆளைப் பார்த்துக்கிட்டு இருக்கா, சீக்கிரம் வாங்க." நான் பாதி வேலையில் கிளம்புவேன். மூன்று முறை அப்படிக் கிளம்பியாயிற்று. மூன்றாவது முறை பல் டாக்டர் முகமூடியை இறக்கிவிட்டுச் சொன்னார்: "இன்னொரு தடவை பாதியில கிளம்பினீங்கன்னா, அப்படியே கிளம்பிடுங்கம்மா."

தாலாட்டு, தொட்டில், தோள், தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் சத்தம் என்று எல்லாவற்றையும் முயற்சி செய்து பார்த்தோம். கடைசியில் தற்செயலாகக் கண்டுபிடித்தேன். வாலு தள்ளுவண்டியில் தூங்குவாள், ஆனால் வண்டி ஓட வேண்டும். மணிக்கு ஒன்பது கிலோமீட்டருக்குக் குறைந்தால் ஒரு கண் திறக்கும். எட்டுக்கு வந்தால் அலறல். தெருவில் அந்த வேகத்துக்கு ஓட முடியாது, குழியும் மேடும் குழந்தையைத் தூக்கித் தூக்கிப் போடும். பூங்காத் தடம் ஒன்றுதான் வழவழவென்று இருந்தது. எட்டுச் சுற்று, முப்பது நிமிஷம். அவள் தூங்குவாள், என்னை யாரும் "அம்மா" என்று கூப்பிடமாட்டார்கள். என் வேலையும் என் புத்தியும் அந்த முப்பது நிமிஷத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தன.

ஒரு திங்கட்கிழமை வாசலில் காவலாளி கையை நீட்டி மறித்தார்.

"சக்கரம் உள்ளே வரக் கூடாதும்மா."

"நேத்து வரைக்கும் வந்துச்சே அண்ணே?"

"நேத்து வரைக்கும் விதி இல்லை. இன்னைக்கு வந்திருக்கு." பின்னால் ஒட்டியிருந்த காகிதத்தைக் காட்டினார். பசை இன்னும் காயவில்லை.

விதி நான்கு: தடத்தில் சக்கரம் கொண்ட எப்பொருளும் அனுமதிக்கப்படமாட்டாது. விதிவிலக்கு: ஓட்டக்காரர் இயங்குவதற்கு இன்றியமையாத துணை உபகரணம்.

"இது குழந்தை வண்டிண்ணே. உள்ளே குழந்தை இருக்கு பாருங்க."

"குழந்தை இருக்குன்னு தெரியுதும்மா. சக்கரமும் இருக்கே. ஆபீஸ்ல போய்ச் சொல்லுங்க. அவங்க சரின்னா எனக்கும் சரி. எனக்கென்ன, உங்க வண்டி மேல கோபமா?"

ஆபீஸ் என்பது செடிகளுக்குத் தண்ணீர் விடும் குழாய்களைச் சுருட்டி வைத்திருந்த அறைக்கு அடுத்த அறை. உள்ளே குமாஸ்தா அம்மா கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டு, மேஜை இழுப்பறைகளில் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். "நெத்தியில இருக்கு மேடம்" என்றேன். நன்றி சொல்லவில்லை. அதற்கான கட்டம் அவருடைய படிவங்களில் இல்லை போலிருக்கிறது.

படிவத்தை எடுத்தார். "யாரு ஓடறது?"

"நான்தான் மேடம்."

"வண்டி எதுக்கு?"

"குழந்தைக்கு."

"அப்போ வண்டி உங்களுக்குத் துணை உபகரணம் இல்லை."

"துணையா? பாரம் மேடம். பதினேழு கிலோ, குழந்தையோட சேர்த்து."

"பாரத்துக்கு விதியில இடமில்லை." பேனாவை மூடினார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். அழுதுவிடுவேன் போல இருந்திருக்கும். மறுபடி பேனாவைத் திறந்தார். நல்ல மனசு, அதைச் சொல்லியே ஆக வேண்டும். "சரி, இப்படிப் பார்ப்போம். வண்டி இல்லாம இந்தக் குழந்தை எட்டுச் சுற்று போகுமா?"

"அதெப்படி மேடம் போகும்? இன்னும் ரெண்டு வயசே ஆகலை."

"வண்டி இருந்தா?"

"போவா."

"அப்போ குழந்தைக்கு வண்டி இன்றியமையாதது. முடிஞ்சுபோச்சு. குழந்தைதான் ஓட்டக்காரர்."

"மேடம், அவ தூங்கிட்டு இருப்பா."

குமாஸ்தா அம்மா படிவத்தை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிப் பார்த்தார். "விழித்திருக்கிறாரான்னு எங்கேயும் கேக்கலையே."

"அப்போ நான் யாரு?"

"நீங்க இல்லாம வண்டி நகருமா?"

"நகராது."

"அப்போ நீங்க வண்டியோட சேர்ந்தவங்க." எழுதினார். எழுத எழுத வாயால் சொல்லிக்கொண்டே போனார். "உபகரணம்: தள்ளுவண்டி ஒன்று. இணைப்பு: தாய் ஒன்று. ஓட்டக்காரர் பேர் என்ன?"

அந்த நேரம் பார்த்து வாலு முத்திரை மை டப்பாவைத் திறந்து நக்கிக்கொண்டிருந்தாள். நாக்கெல்லாம் ஊதா. "வாலு! துப்பு! துப்புடி!" என்று கத்தினேன். குமாஸ்தா அம்மா "வாலு" என்று எழுதிவிட்டார்.

"அய்யோ, அது வீட்ல கூப்பிடற பேரு மேடம்."

"மையில எழுதிட்டேனே. அடிச்சுத் திருத்தினா கண்காணிப்பாளர் கையெழுத்து வேணும். அவர் வியாழக்கிழமைதான் வருவார். உங்களுக்கு இன்னைக்கே ஓடணுமா, வியாழக்கிழமை ஓடணுமா?"

இன்றைக்கே ஓட வேண்டும். கையெழுத்துப் போட்டேன். உபகரணம் கையெழுத்துப் போடலாமா என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. வாலுவின் கணுக்காலில் ஒரு பட்டையைக் கட்டினார்கள். அவள் எத்தனை சுற்று போகிறாள், எத்தனை நிமிஷம் ஆகிறது, நாடி எவ்வளவு துடிக்கிறது என்று எல்லாம் அந்தப் பட்டை வாசலிலுள்ள விளக்குப் பலகைக்குச் சொல்லிவிடும். படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. எட்டுச் சுற்றை முப்பத்தோரு நிமிடத்துக்குள் முடிப்பதே ஓட்டம். அதற்கு மேலானால் அது நடை. நடைக்கு வேறு துறை. ஒரு நாள் நடந்துவிட்டாலும் ஓட்டப் பதிவு ரத்து. மறுபடி விண்ணப்பிக்க ஆறு மாதம்.

அந்த வாரம் முழுக்க எல்லாம் ஒழுங்காக நடந்தது. வாலு தூங்கினாள், நான் ஓடினேன், காப்பகத்தில் யாருக்கும் காயமில்லை. அடுத்த திங்கட்கிழமை விளக்குப் பலகையைச் சுற்றி ஒரு கூட்டம் நின்றது.

எங்கள் பூங்காவில் ஓட்டக் குழு ஒன்று உண்டு. அதன் தலைவரை நாங்கள் கடிகாரம் என்போம். அவர் கையில் கட்டியிருப்பது நேரம் மட்டும் காட்டுகிற சாதாரணச் சாமான் இல்லை. நேற்று எவ்வளவு தூங்கினார், இன்று எவ்வளவு களைப்பாக இருக்கிறார், நாளை எவ்வளவு சந்தோஷமாக இருக்கலாம் என்று எல்லாம் அது சொல்லும். "எப்படி சார் இருக்கீங்க?" என்று கேட்டால் அதைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார். ஒரு முறை பேட்டரி தீர்ந்து கடிகாரம் நின்றுபோனபோது, அன்று ஓடிய எட்டுச் சுற்றும் வீண் என்று வீட்டுக்குப் போய்ச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வந்து மறுபடி எட்டுச் சுற்று ஓடினார். இரண்டு வருஷமாக அந்தப் பலகையில் முதல் இடம் அவருக்குத்தான்.

இப்போது முதல் இடத்தில் இப்படி இருந்தது: வாலு. வயது ஒன்று. முப்பது நிமிடம் ஐந்து நொடி. நாடித் துடிப்பு தொண்ணூறு.

"யாருங்க இந்த வாலு?" என்றார் கடிகாரம்.

வண்டியைக் காட்டினேன். குனிந்து பார்த்தார். வாலு வாயோரம் எச்சில் ஒழுகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"இதுவா?"

"இதுதான். ஆனா சார், இவ ஓடலை. இவ தூங்கறா. ஓடறது நான்."

கடிகாரம் என்னைப் பார்க்கவே இல்லை. "எனக்கு நூத்தி எண்பது துடிக்குது. இந்தக் குழந்தைக்குத் தொண்ணூறு. துளி வேர்வை இல்லை. மூச்சு வாங்கலை. எப்படிங்க?"

"சார், காது கேக்குதா? தூங்கறா."

"அதான்!" என்று தொடையில் தட்டினார். "தூக்கம்! நாம எல்லாம் முழிச்சுக்கிட்டு ஓடறோம். அங்கேதான் சக்தி விரயமாகுது."

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. தினமும் நாலு பேர் வாசலில் காத்திருந்து பேட்டி எடுத்தார்கள்.

"ஓடறதுக்கு முன்னாடி என்ன சாப்பிடறாங்க?"

மரியாதையைக் கவனியுங்கள். அவள் "சாப்பிடறாங்க". நான் இணைப்பு. "ஒரு பன்னு. ஓரத்தைப் பிச்சுப் போட்டுட்டு நடுவுல இருக்கறதை மட்டும் தின்பா. பாதியைக் கீழே எறிஞ்சுடுவா."

"எறியறது கையாலயா?"

"வேற எதால சார் எறியறது?"

குறித்துக்கொண்டார்கள். மறுநாள் ஓட்டக் குழுவில் பதினெட்டுப் பேரும் பன் ஓரத்தைப் பிய்த்துப் போட்டுவிட்டு, பாதி தின்று, மீதியைத் தரையில் எறிந்தார்கள். பூங்காப் புறாக்களுக்குக் கொண்டாட்டம். வாலு எப்போதும் ஒரு ஷூவை உதறித் தள்ளிவிடுவாள், இடது கால் ஷூ வீட்டிலேயே கிடக்கும். ஒரே வாரத்தில் குழுவில் எல்லாரும் ஒற்றைக் காலில் ஷூவோடு ஓடினார்கள். பூங்கா எதிரிலுள்ள செருப்புக் கடைக்காரர் விவரமானவர், வலது காலை மட்டும் தனிப்பெட்டியில் போட்டு விற்க ஆரம்பித்தார். வண்டியில் பட்டை மாட்டும்போது வாலு முதுகை வளைத்து, காலை உதைத்து, நாலு நிமிஷம் அழுவாள். அதற்கும் பெயர் வைத்துவிட்டார்கள், முழுவுடல் தயார்நிலைப் பயிற்சி என்று. காலை ஏழு மணிக்குப் பதினெட்டுப் பேர், வங்கி மேலாளர், கணக்குத் தணிக்கையாளர், ஒரு கல்லூரிப் பேராசிரியை எல்லாம் புல்தரையில் மல்லாக்கப் படுத்து "மாட்டேன்! மாட்டேன்!" என்று அலறுவதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும்.

மூன்று பேர் தங்கள் மனைவிகளிடம் வண்டியில் வைத்துத் தள்ளச் சொல்லிக் கேட்டார்களாம். என்ன பதில் கிடைத்ததென்று சொல்லவில்லை. மறுநாள் வழக்கம்போலத் தனியாகத்தான் ஓடினார்கள்.

இத்தனையிலும் எட்டுச் சுற்று முடிந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என்னிடம் ஒரு வாய் தண்ணீர் வேண்டுமா என்று ஒருத்தர் கேட்கவில்லை. வயிறு எரிந்தது.

வியாழக்கிழமை கண்காணிப்பாளரிடமிருந்து கடிதம் வந்தது. துணை உபகரணத்தை ஆய்வுக்கு உட்படுத்த வேண்டுமாம். வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். கண்காணிப்பாளர் நல்ல உயரம், சட்டைப் பையில் நாலு பேனா. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு என்னை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"தயாரிப்பு வருஷம்?"

"வண்டியா சார்?"

"இணைப்பு."

பிறந்த வருஷத்தைச் சொன்னேன். புருவத்தை உயர்த்தினார். "பழைய மாடல். பிரேக் எப்படி?"

"நிக்கச் சொன்னா நிப்பேன்."

"ஹார்ன்?"

"'கொஞ்சம் தள்ளுங்க சார்'னு சொல்வேன்."

"அடிச்சுக் காட்டுங்க."

"கொஞ்சம் தள்ளுங்க சார்!"

"போதாது. இன்னும் சத்தமா."

"கொஞ்சம் தள்ளுங்க சாஆஆர்!" பக்கத்து அறையில் குழாய் சுருட்டிக்கொண்டிருந்தவர் பதறிப்போய் ஒதுங்கினார்.

"திருப்தி. கசிவு உண்டா?"

"நாலாவது சுற்றுக்கு மேல வேர்க்கும்."

"கசிவு உண்டு" என்று எழுதிக்கொண்டார். "முன்னால விபத்து ஏதாவது?"

"கல்யாணம்."

அதையும் எழுதினார். தேதி கேட்டார். பிறகு ஒரு பச்சை ஸ்டிக்கரை எடுத்து, எச்சில் தொட்டு, என் பனியன் முதுகில் பளாரென்று ஒட்டினார். தகுதியுடையது, ஓராண்டுக்குச் செல்லும். வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரர் முதுகைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். லிப்டுக்கு ஒட்டுவதும் அதே பச்சைதானாம், எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதாததுதான் குறையாம். அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு தாமதமாகத்தான் கிடைத்தது.

மனுஷன் சிரித்த பாவம், அடுத்த வாரம் எனக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன். "நீ படு, நான் தள்ளிட்டுப் போறேன்" என்று கிளம்பினார். பத்தே நிமிஷத்தில் திரும்பி வந்தார். வாலு வண்டியில் உட்கார்ந்து வீலென்று அலறிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க ஆச்சு?"

"வாசல்ல காவலாளி என் முதுகைப் பார்த்தார். ஸ்டிக்கர் இல்லையாம். அனுமதியில்லாத உதிரி பாகமாம் நான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"'நான் இவளோட அப்பாங்க'ன்னேன். 'அதெல்லாம் சரி சார், ஒரிஜினல் பார்ட் எங்கே?'ன்னு கேட்டார்." மணி ஏழு நாற்பது. வாலு என் போர்வை நுனியைக் கடிக்க ஆரம்பித்திருந்தாள். பத்தரை மணி போன் இப்போதே காதில் ஒலித்தது. எழுந்தேன். நூற்றியொரு டிகிரியோடு எட்டுச் சுற்று ஓடினேன், முப்பது நிமிஷம் நாற்பது நொடி. கண்ணெல்லாம் பூச்சி பறந்தது.

திரும்பி வந்து கட்டிலில் விழுந்ததும் வீட்டுக்காரர் நெற்றியில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டே சொன்னார். "இது கூத்தா இருக்கு. ஒரு மனு எழுதிக் கொடு. நடந்தது இதுதான், ஓடறது நான்தான்னு. எவ்வளவு நாள் இப்படி?"

"எழுதினா பதிவு போயிடும். பதிவு போனா சக்கரம் போயிடும். சக்கரம் போனா என் வேலை போயிடும். பேசாம இருங்க."

வாயை மூடிக்கொண்டேன். இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும், மனசு கேட்கவில்லை. வேலைக்காக மட்டும் வாயை மூடவில்லை. பலகையில் முதல் இடத்தில் வாலு என்று எரிவதைத் தினமும் வாசலில் நின்று ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் நானும் உள்ளே போவேன். நேற்றைவிட இரண்டு நொடி குறைந்தால் அன்று முழுக்கப் பல் நோயாளிகளிடம் உண்மையாகவே சிரிப்பேன். கடிகாரம் ஒரு நாள் முப்பது நிமிஷத்துக்கு ஓடிவிட்டார் என்று கேள்விப்பட்டதும் எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் வாலுவை முப்பதுக்குக் கீழே கொண்டுவந்துவிட்டேன்.

விஷயம் மேலே போயிற்று. நாட்டிலேயே மிக இளம் ஓட்டக்காரரை உருவாக்கிய பூங்கா என்று கண்காணிப்பாளர் அறிக்கை எழுதியிருந்தார். அதை நேரில் கண்டு கேடயம் வழங்கத் துறை இயக்குநரே வருவதாகத் தகவல் வந்தது. நாள் குறித்தார்கள். மரங்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். பெஞ்சுகளைக் கழுவினார்கள். தடத்தோரம் ஒரு மேடை, ஒலிபெருக்கி, நாற்காலிகள். அதற்குள் வாலுவுக்கு இரண்டு வயதும் மூன்று மாதமும் ஆகியிருந்தது. ஓட்டக் குழு பதினெட்டுப் பேரும் ஒற்றை ஷூவோடு அணிவகுத்து நின்றார்கள்.

இயக்குநர் வந்தார். குட்டையாக, அன்பாக, தூக்கக் கலக்கமாக இருந்தார். "ஓட்டக்காரர் எங்கே?" என்று கேட்டார். கண்காணிப்பாளர் வண்டியைக் காட்டினார். "சபாஷ்" என்று வண்டியின் கைப்பிடியைக் குலுக்கினார். அதில் என் கையும் இருந்தது, அதையும் சேர்த்துத்தான் குலுக்கினார்.

ஓட்டம் துவங்கியது. ஒரு சுற்று, இரண்டு சுற்று, வாலு அயர்ந்து தூங்கினாள். ஐந்தாவது சுற்றில் மேடை ஒலிபெருக்கி திடீரென்று கீச்சென்று கத்தியது. வாலு கண்ணைத் திறந்துவிட்டாள். வேகத்தைக் கூட்டினேன். "தூங்குடி செல்லம், தூங்கு தூங்கு" என்று மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னேன். அவள் தூங்கவில்லை. ஆறாவது சுற்றில், மேடைக்கு நேர் எதிரே, வண்டிப் பட்டையின் கொக்கியைத் தன் கையாலேயே கழற்றினாள். அதுவரை அவளுக்கு அது தெரியாது. என் வேகம் குறைந்ததுதான் தாமதம், சறுக்கிக் கீழே இறங்கினாள்.

"நானு" என்றாள். "நானு ஓடு!"

ஓடினாள். நான் ஓடும் திசைக்கு நேர் எதிராக ஓடினாள். இரண்டு கைகளையும் பின்னால் வீசிக்கொண்டு, வயிற்றை முன்னால் தள்ளிக்கொண்டு, ஒரு கால் ஷூவோடு, கெக்கெக்கே என்று சிரித்துக்கொண்டு, புறாக்கூட்டத்தைப் பார்த்து ஓடினாள். புறாக்கள் பறந்தன. அவள் இன்னும் பெரிதாகச் சிரித்தாள். ஐந்து மாதமாகத் தினமும் அந்தத் தடத்தைச் சுற்றி வந்தவள், அதில் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. பெற்ற வயிறு குளிர்ந்துபோயிற்று. அப்படி ஒரு ஓட்டத்தை நான் என் ஜென்மத்தில் பார்த்ததில்லை.

அப்போது பலகையைப் பார்த்தேன். இருபத்து மூன்று நிமிஷம் ஐம்பது நொடி. ஐம்பத்தொன்று. ஐம்பத்திரண்டு. வாலு என்ற பெயர் சிவப்பாக மினுங்க ஆரம்பித்திருந்தது.

காவலாளி விசில் ஊதினார். "ஓட்டக்காரர் உபகரணத்தை விட்டு இறங்கக் கூடாது!"

"நேரம் போகுது! நேரம் போகுது!" என்று கடிகாரம் தன் கடிகாரத்தைத் தட்டினார். அவருக்குப் போட்டியாளர் தோற்றால் லாபம்தான், ஆனாலும் அவரால் தாங்க முடியவில்லை. குமாஸ்தா அம்மா நாற்காலி மேல் ஏறி நின்று "பாப்பா, ஓடாதே!" என்றார். கண்காணிப்பாளர் ஒலிபெருக்கியைப் பிடுங்கி "ஓடாதே!" என்றார். பதினெட்டு ஓட்டக்காரர்களும் ஒரே குரலில் "ஓடாதே! ஓடாதே!" என்று கத்தினார்கள்.

இயக்குநர் கண்காணிப்பாளர் பக்கம் சாய்ந்தார். "யாருங்க அந்தக் குழந்தை? இவ்வளவு முக்கியமான ஓட்டம் நடக்குது, குறுக்கே ஓடிட்டு இருக்கு. பெத்தவங்களுக்குப் பொறுப்பு வேண்டாமா?"

"விசாரிக்கிறேன் சார்" என்றார் கண்காணிப்பாளர்.

இத்தனை பேர் கத்தியதிலும் யார் குரல் பெரிதாக இருந்தது என்று கேட்டால், என் குரல்தான். ஹார்ன் சோதனையில் தேறியவள் இல்லையா? "ஓடாதேடி! ஏறு வண்டியில! உக்காரு!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டே போய், இடுப்பில் கையைக் கொடுத்துத் தூக்கினேன். அவள் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோய், கீழுதடு பிதுங்கியது.

"நானு ஓடு" என்றாள், மெதுவாக.

"நீ ஓடக் கூடாது. நீ ஓடினா தோத்துப்போயிடுவே" என்றேன். சத்தியமாக இந்த வாயால்தான் சொன்னேன். அமுக்கி உட்காரவைத்துப் பட்டையை இரண்டு துளை இறுக்கி மாட்டினேன். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மீதியை ஓடி முடித்தேன். முப்பது நிமிஷம் ஐம்பத்தாறு நொடி. நாலு நொடியில் பதிவு பிழைத்தது. பூங்கா முழுக்கக் கைதட்டல். இயக்குநர் கேடயத்தை வாலுவின் மடியில் வைத்தார். அழுது அழுது அவள் தூங்கிப்போயிருந்தாள். எவ்வளவு அடக்கமான குழந்தை என்று எல்லாரும் மெச்சினார்கள்.

அன்றைக்கு வேலைக்குப் போய் எல்லாருக்கும் எண் கொடுத்தேன், வரிசையில் உட்காரவைத்தேன், வலிக்காது என்று சொன்னேன். ஆனால் அந்தக் கீழுதடு கண்ணுக்குள்ளேயே நின்றது. நானெல்லாம் ஒரு அம்மாவா என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பூங்கா மூடியிருக்கும். எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் கார் நிறுத்தும் இடம் காலியாகக் கிடந்தது. பலகை இல்லை, விசில் இல்லை, விதி எதுவும் ஒட்டியில்லை. வாலுவின் கணுக்கால் பட்டையைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டு, வண்டியை அங்கே தள்ளிக்கொண்டு போனேன். கொக்கியை நானே கழற்றினேன். எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்து இரண்டு கைகளையும் விரித்தேன்.

"இறங்குடி கண்ணு. இங்கே யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. உன் இஷ்டத்துக்கு ஓடு."

வாலு என்னைப் பார்த்தாள். காலியாகக் கிடந்த அந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து, வண்டிப் பட்டையை எடுத்து, நாக்கைத் துருத்திக்கொண்டு, கொக்கியைத் தானே சரியாக மாட்டினாள். சாய்ந்து உட்கார்ந்தாள்.

"நீ ஓடு" என்றாள். "நேரம் போகுது."

எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு ஓடினேன்.